தண்ணி நண்டு

நண்டை மல்லாத்தி
வயிற்றில் பெருவிரல் வைத்து அமுக்கணும்.
கல் மாதிரி நின்றால் சதை நண்டு.
உள்ளே போனால் தண்ணி நண்டு.
ஓடு பெரிசாக இருக்கும், கொடுக்கு பெரிசாக இருக்கும்,
நீலம் மயில்கழுத்தாக மின்னும்.
வேகவைத்து உடைத்தால்
ஒரு கரண்டி உப்புத் தண்ணி.

திருப்பாலைக்குடி ரோட்டு நண்டுக் கம்பெனியில்
பதினோரு வருசமாக இதுதான் என் வேலை.
அழகு பார்த்து எடுத்த நண்டுக்கெல்லாம்
மேஸ்திரி அருள்தாஸ் என் கூலியில் பிடிப்பார்.

போன தேர்தலில் நான் அமுக்கிப் பார்க்கவில்லை.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு டார்ச் அடித்து வந்தார்கள்.
வீட்டில் எத்தனை ஓட்டு?
மூன்று.
ஆயிரத்து ஐந்நூறு.
மகனுக்கு ஷூ வாங்கினேன்,
மிச்சத்துக்கு வலைக்கு ஈயக்குண்டு.

அந்த ஆடியில் தொட்டி வறண்டது.
குழாயில் காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது.
லாரித் தண்ணி குடம் பதினைந்து ரூபாய்.
ஏழு பேர் சேர்ந்து அவர் ஆபீசுக்குப் போனோம்.
மேசைக்குப் பின்னால் இருந்து
என்னையே பார்த்துக் கேட்டார்:
"உங்க வீட்டுக்கு வந்துச்சுல்ல?"

அவர் சொன்னது தண்ணியை இல்லை.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கினவன்
தன் மீனுக்கு விலை கேட்கக் கூடாது.
எங்கள் கரையில் எழுதாத சட்டம் அது.
என் வீட்டுக்காரர் நம்புவேல்
ஒன்பது வருசமாக அப்படித்தான்
சீலாவைத் தராசில் போட்டுவிட்டுத் தரையைப் பார்க்கிறார்.
அன்றைக்கு எனக்கும் தரைதான் தெரிந்தது.
சிமெண்டுத் தரை. நடுவில் ஒரு விரிசல்.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
ஐந்நூறை ஐந்து வருசத்துக்கு வகுத்தால்
நாளைக்கு இருபத்தேழு காசு.
லாரிக்காரன் விலையில் ஒரு டம்ளர் தண்ணி,
அதுவும் தளும்பாமல்.

இந்தத் தடவையும் டார்ச் வந்தது.
கதவைத் திறக்கவில்லை.
நாய் குரைத்து ஓய்ந்தது.
விடியும்வரை எனக்குத் தூக்கம் இல்லை,
இரண்டாம் பருவத்துக்கு நோட்டு வாங்கணும்.

எதிர் மேசை ஜொகரா சொன்னாள்:
"இந்த சீசன் எல்லாமே தண்ணி நண்டுதான்டி.
எதை அமுக்கி என்ன?"
சட்டென்று பதில் வரவில்லை எனக்கு.
இரண்டு கூடை முடிந்த பிறகுதான் சொன்னேன்:
தெரிந்தும் நாம திருப்பிப் போடலைன்னா
நாளைக்குக் கூடை முழுக்க அதையே கொட்டுவான்.
இவளுகளுக்கு விரல் செத்துப்போச்சுன்னு நினைப்பான்.
அவள் சிரிக்கவில்லை.
ஒன்றை எடுத்தாள், அமுக்கினாள், வீசினாள்.

சாவடியில் மை வைக்கிற பையன்
என் விரலைப் பார்த்துத் தயங்கினான்.
நண்டு முள் ஏறி நகத்தோரம் பிளந்திருந்தது.
"வைப்பா" என்றேன்.
எரிந்தது.
அட்டை மறைப்புக்குள் அதே பெருவிரல்.
கண்ணாடிக்குள் சீட்டு ஏழு நொடி நிற்கும் என்றார்கள்.
ஏழு நொடியும் பார்த்தேன்.

நான் போட்டவர் ஜெயிப்பாரா, தெரியாது.
ஜெயித்தால் சதையா தண்ணியா, அதுவும் தெரியாது.
கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்
லாரி வந்த தேதி, வராத தேதி,
குடத்துக்குக் கொடுத்த காசு எல்லாம்
மாசியிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன்.
யார் உட்கார்ந்தாலும் அந்த மேசைக்குப் போகும்.
உங்க வீட்டுக்கு வந்துச்சுல்ல என்று கேட்டால்
வரவில்லை என்று சொல்ல
இப்போது எனக்கு வாய் இருக்கிறது.

மறுநாள் நண்டுத் தண்ணியில் மை போகவில்லை.
ஜொகராவின் விரலிலும் இருந்தது.
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
முதல் கூடையைக் கொட்டினார்கள்.
மல்லாத்தினோம்.